ஃபில்டர் இருந்தும் காமாலை ஏன்?

வெள்ளியங்கிரி சீசன் முடிந்து, கோடை விடுமுறையும் ஓயும் சமயத்தில் ஒரே ரகமான நோயாளிகள் வரத் தொடங்குவார்கள். வாலிப வயது, நல்ல உடற்கட்டு, கண் மட்டும் மஞ்சள். இல்லையென்றால் வாரக்கணக்கில் நாற்றமடிக்கும் பேதி, உப்பிய வயிறு, ஓயாத ஏப்பம். மலைக்குப் போனீர்களா என்று கேட்டால், போனோம் என்பார்கள். சுனைத் தண்ணீர் குடித்தீர்களா என்றால், "ஃபில்டர் பாட்டில் வெச்சிருந்தோமே டாக்டர்" என்று கொஞ்சம் பெருமையாகவே பதில் வரும்.

முன்பெல்லாம் இந்தப் பதில் கிடையாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை வந்தபின் பலர் பையில் வடிகட்டி ஏறியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் வாங்கும்போது எடை எவ்வளவு, விலை எவ்வளவு என்று கேட்கிறவர்கள், இது எதைத் தடுக்கும், எதை உள்ளே விடும் என்று கேட்பதில்லை.

துளையைப் பாருங்கள்

உறிஞ்சு குழலாகவோ பாட்டில் மூடியாகவோ விற்கும் வடிகட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது நுண்ணிய துளைகள் கொண்ட மெல்லிய இழைக்குழாய்கள். லைஃப்ஸ்ட்ராவின் துளை 0.2 மைக்ரான், சாயரில் 0.1. பேதி தரும் ஜியார்டியா ஒட்டுண்ணியின் முட்டை போன்ற கூடு சுமார் 10 மைக்ரான். டைபாய்டு கிருமியின் தடிமன் அரை மைக்ரானுக்குக் குறையாது. இவை மாட்டிக்கொள்ளும். காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸோ 0.03 மைக்ரான்தான். அதற்கு அந்தத் துளை திறந்த வாசல்.

ஆள் நடமாட்டம் குறைந்த அமெரிக்கக் காட்டுப் பாதைகளில் இந்த ஃபில்டர் பெரும்பாலும் போதும். அங்கே கவலை விலங்குகளின் கழிவு. நம் மலைகளிலோ சீசனில் ஆயிரமாயிரமாய் ஏறுகிறோம், கழிப்பறை இல்லாத இடங்களில் ஒதுங்குகிறோம், மழை அதைக் கழுவி ஓடைக்குள் சேர்க்கிறது. இந்த வைரஸ் மனித மலத்திலிருந்து வருவது. அதனால் வெளிநாட்டு யூடியூபர் பரிந்துரைத்த சாதனம் இங்கே பாதி வேலைதான் செய்யும்.

வைரஸையும் பிடிக்கும் சாதனங்கள் உண்டு. கிரேல் அழுத்து பாட்டில் ஒன்று, 0.02 மைக்ரான் துளை கொண்ட எம்எஸ்ஆர் கார்டியன் இன்னொன்று. விலை கையைக் கடிக்கும். சிக்கனமான வழி, சாதாரண ஃபில்டரில் வடித்த தண்ணீரில் அட்டையில் சொன்ன அளவுக்குக் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருப்பது. மாத்திரை மட்டும் போதாதா என்றால், போதாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசையாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைக் குடித்தே சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றார்கள். இந்த ஒட்டுண்ணியை ஃபில்டர் பிடிக்கும், வைரஸை மாத்திரை கொல்லும். இரண்டும் வேண்டும்.

அடுப்பு இருந்தால் தளதளவென ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். இதைவிட நம்பகமான சாதனம் இன்னும் கடைக்கு வரவில்லை.

கேட்டுக் கேட்டுச் சலித்தவை

"ஓடுற தண்ணி சுத்தம் டாக்டர்." ஓடை மேலே எங்கிருந்து வருகிறது, அங்கே யார் உட்கார்ந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? "மூலிகை கலந்த சுனை." மூலிகைக்கு நடுவே யானையும் காட்டெருமையும் வாழ்கின்றன, மூலிகையைத் தேடிப் போகிற மனிதர்களும் அங்கேதான் ஒதுங்குகிறார்கள்.

அடுத்தது டிடிஎஸ் பேனா. ஆர்ஓ விற்க வருகிறவர் காட்டிய வித்தையை மலைக்கும் கொண்டுபோய்விட்டோம். அது தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும். கிருமியை அளக்காது. மலைச் சுனையில் டிடிஎஸ் குறைவாகத்தான் காட்டும், காமாலை வைரஸ் கோடிக்கணக்கில் இருந்தாலும்.

வேட்டியை மடித்து வடிகட்டுவதைப் பற்றிச் சிரிக்க மாட்டேன். வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையைப் பல அடுக்காக மடித்து வடிகட்டியபோது காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காலரா கிருமி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களோடு ஒட்டிக்கொண்டு திரிவதால் துணியில் சிக்கியது. மற்றவை சிக்காது. துணி, படிகாரம், தேற்றான்கொட்டை எல்லாம் கலங்கலைத் தெளியவைக்கும்; ஃபில்டர் சீக்கிரம் அடைபடாமல் இருக்க முதலில் இதைச் செய்யுங்கள், இதோடு நிறுத்தாதீர்கள். செம்புப் பாத்திரம் ராத்திரி முழுக்க வைத்தால் சில பாக்டீரியாவைக் கொல்லலாம். நடுப்பகலில் ஓடையில் மொண்டு நின்ற இடத்திலேயே குடிப்பவருக்கு என்ன பயன்? ஃபில்டரில் இருக்கும் கரி, முக்கியமாக ருசிக்கும் வாடைக்கும்தான். தேயிலை, காய்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் தண்ணீரை எடுக்கவே எடுக்காதீர்கள். பூச்சிமருந்து கொதிக்க வைத்தாலும் போகாது.

"எங்க தாத்தா அப்படியேதான் குடிச்சார்." ஆமாம். அவர் குழந்தையிலேயே ஹெபடைடிஸ் ஏ வந்து, யாருக்கும் தெரியாமல் போய், ஆயுளுக்கும் எதிர்ப்பு சக்தி பெற்றவர். நீங்கள் கேன் தண்ணீரில் வளர்ந்தவர். இருபத்தைந்து வயதில் முதன்முறையாக அதைச் சந்திக்கிறீர்கள். இந்த வயதில் அது கடுமையாகவே தாக்கும்.

கையாளும் விதம்

அழுக்குத் தண்ணீர் மொண்ட பையின் வாயை, குடிக்கும் பக்கத்தில் இடித்துவிட்டால் ஃபில்டரே வீண். சொன்ன முறைப்படி பின்னோக்கிக் கழுவி உலர்த்துங்கள். இமயமலைக்குப் போகிறவர்கள் கவனம்: ஒருமுறை நனைந்த இழை ஃபில்டர் உறைந்தால் உள்ளே வெடித்துவிடும், வெளியே தெரியாது. ராத்திரி தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் தூக்கிப் போடுங்கள். உறிஞ்சு குழல் ஒற்றை ஆளுக்குத்தான், சமைக்கத் தண்ணீர் தராது. நாலைந்து பேர் என்றால் மரத்தில் தொங்கவிடும் பை வகை வாங்குங்கள்.

மெடிக்கல் ஷாப் வைத்தியம்

பேதி வந்ததும் கடையில் சொல்லி, நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் கலந்த மாத்திரையில் நாலு வாங்கி, இரண்டைப் போட்டு, நின்றதும் மீதியைப் பர்ஸில் வைப்பது. அடுத்த பேதிக்கு அதே மீதி! என்ன கிருமி என்று தெரியாமல் போட்ட அரைகுறை மாத்திரை, கிருமிக்குத்தான் பயிற்சி. ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் லோபரமைடு போடுவது அதைவிட ஆபத்து. ஓஆர்எஸ் கரைத்துக் குடியுங்கள், முதல் மருந்து அதுதான்.

காமாலைக்குக் கீழாநெல்லி. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். சரியாகாத சிலர், பத்தியம் முடியட்டும் என்று காத்திருந்து, உளறத் தொடங்கிய பிறகு தூக்கி வரப்படுகிறார்கள். அதற்குள் காய்ச்சலுக்கென்று பாராசிட்டமாலையும் அள்ளிப் போட்டிருப்பார்கள். இந்த நோய் தலைகாட்ட 15 முதல் 50 நாள் ஆகும். அதனால் மலைக்குப் போனதையே மறந்திருப்பார்கள். தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள். மலம், ரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும்.

மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் குறைவது, காமாலையோடு தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வாருங்கள்.

கிளம்பும் முன்

ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. பயணத்துக்குச் சில வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளை மன்றாடிக் கேட்கிறேன், கொதிக்க வைக்காத தண்ணீரைத் தொடாதீர்கள். இதே வழியில் பரவும் ஹெபடைடிஸ் ஈ, கடைசி மாதங்களில் தாயின் உயிரையே பறிக்கக்கூடியது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் இந்த வைரஸ்களிடம் அவ்வளவாக எடுபடாது. ஒதுங்குவதாக இருந்தால் ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய், அரை அடிக்கு மேல் குழி தோண்டி, முடித்ததும் மண்ணைத் தள்ளி மூடுங்கள். இதற்கு ஒரு சின்னக் கரண்டி போதும், ஃபில்டரோடு சேர்த்து அதையும் பையில் போடுங்கள்.