தூரத்திலிருந்து வரும் கன்றுகள்: நடும்வரை காக்கும் முறை

ஒட்டுக்கன்றுகளையும் மரக்கறி நாற்றுக்களையும் தூரத்துத் தவறணைகளிலிருந்து தபால், கூரியர், லொறி வழியாகத் தருவிப்பது இன்று எளிதாகிவிட்டது. ஆயினும் வழியில் தப்பிய கன்று வீடு வந்தபின் பட்டுப்போவதும் உண்டு. அவ்வாறாயின், கன்றின் விலையோடு அப்போகமும் கமக்காரருக்கு நட்டமாகும்.

தெஹியோவிட்டச் சரிவுகளில் நிற்கும் இறப்பர் மரத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1876ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் கியூ தாவரப் பூங்காவிலிருந்து 1,919 இறப்பர்க் கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை உயிருடன் வந்து சேர்ந்தன. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அதே மாதத்தில் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட 50 கன்றுகளோ, உரிய காலத்திற் பெற்றெடுக்கப்படாமையால் இறந்தன. கன்று வந்து சேரும் நாட்களில் எடுக்கும் கவனமே அதன் உயிரைத் தீர்மானிக்கின்றது.

வாட்டத்தின் காரணம்

இலைகள் இடைவிடாது நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. பயணத்தில் நுனிவேர்கள் அறுந்த கன்றினால் அதற்கு ஈடான நீரை உறிஞ்ச இயலாது. மேலும், இருட்பொதியில் இருந்த இலை மென்மையடைந்திருக்கும். திடீரெனப் பட்ட வெயில் அதனைக் கருக்கிவிடும். ஆகவே முதலில் நிழலும், பின்னர் சிறிது சிறிதாக வெயிலும் வேண்டும்.

பொதியைத் திறத்தல்

பொதி வந்த அன்றே, நிழலான இடத்தில் அதனைத் திறத்தல் வேண்டும். கன்றைத் தண்டிற் பிடித்துத் தூக்கலாகாது. பையின் அடியைத் தாங்கியே எடுத்தல் வேண்டும். மண் காய்ந்திருப்பின், பையை ஒரு வாளி நீரில் குமிழி அடங்கும்வரை வைத்து, பின்னர் நீரை வடியவிடுதல் நன்று. புதுத் தளிர் தோன்றும்வரை பசளை இடுதல் கூடாது.

நிழலிற் பழக்குதல்

மரநிழலிலோ கிடுகுப் பந்தலின் கீழோ பைகளைக் கற்கள் அல்லது பலகைமேல் நிறுத்துதல் வேண்டும். ஆண்டுக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை பெறும் இப்பகுதியில் நீரின்மையிலும் நீர் தேங்குதலே பெரும் ஆபத்து. 3 அல்லது 4 நாள் முழு நிழல், அதன்பின் ஒரு வாரம் காலை வெயில் மட்டும் என்று பழக்குதல் தகும். இக்காலத்தில் வீட்டிலுள்ள பிற பயிர்களிலிருந்து கன்றுகளை விலக்கி வைத்து, இலையின் அடிப்புறத்தில் மாவுப்பூச்சி, செதிற்பூச்சி, அசுவுணி உளவா என நோக்குதல் அவசியம்.

வேர் வெளிப்பட்ட நாற்றுக்கள்

பிடுங்கிய நெல் நாற்றைக் கட்டாகக் கட்டி நீரில் நிறுத்துவது கமக்காரரின் வழக்கம். அவ்வழக்கத்தை மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்களுக்குக் கொள்ளலாகாது. நெல்வேர் நீரினுள் உயிர்வாழும். இவற்றின் வேரோ காற்றின்றி அழுகும். இந்நாற்றுக்களின் வேரை ஈரச் சாக்கினாற் சுற்றி நிழலில் வைத்து, அன்று மாலையே நடுதல் சிறந்தது. நிலம் ஆயத்தமாகாவிடின், நிழலிற் சிறு சாலிட்டு, நாற்றுக்களைச் சாய்வாக வைத்து, வேரை மண்ணால் மூடி நீர் தெளித்தல் வேண்டும். இவ்வாறு 2 அல்லது 3 நாள் காக்கலாம்.

வாழைக்குட்டிகளின் வேரையும் கிழங்கின் புறத்தோலையும் சீவி, வண்டு துளைத்த தடம் உளதா எனப் பார்த்தல் வேண்டும். இலைகள் குறுகி உச்சியிற் கொத்தாகத் திரளும் நோயுள்ள தோட்டத்துக் குட்டிகளை விலை மலிவெனினும் வாங்குதல் கூடாது.

நடும் நாள்

கன்று புதுத் தளிர் விட்டு, அத்தளிர் முதிர்ந்தபின், மழை தொடங்கியதும், மேகமூட்டமான நாளின் மாலையில் நடுதல் வேண்டும். பையை முற்றாக அகற்றி, அடியிற் சுருண்ட வேரை நறுக்கி, ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்குமாறு நடுதல் முறையாகும். பலமாதம் பையிலேயே விடப்பட்ட கன்றின் வேர் சுருண்டு இறுகும். ஆதலால், குழியைத் தோண்டி ஆயத்தம் செய்த பின்னரே கன்றுக்குக் கட்டளை அனுப்புதல் கமக்காரருக்கு நலமாகும்.