கோப்பி இலையின் அடிப்புறம்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் சில லயங்களின் பின்புறத்தில் இப்போதும் ஒன்றிரண்டு கோப்பிச் செடிகளைக் காணலாம். வீட்டுத் தேவைக்கென்று வைத்தவை. அடுத்த முறை பார்க்கும்போது, முற்றிய இலை ஒன்றை மெல்லத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொட்டுகள் இருந்தால் விரலால் தடவுங்கள். தூள் ஒட்டும். அந்தத் தூளைப் பற்றித் தாவரவியலாளர் எழுதிவைத்தவற்றை நான் ஒரு காலத்தில் தேடிப் படித்தேன். செடியின் கதையை அறியப் போனவனுக்கு, மலையக மக்களின் கதையில் ஓர் அத்தியாயம் கிடைத்தது.

இலங்கையின் செடி கொடிகளைப் பற்றிய அறிவியல் எழுத்துக்கு நீண்ட பரம்பரை உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் போல் ஹெர்மன் என்ற மருத்துவர் இங்கே சேகரித்து உலர்த்திய செடிகளை வைத்துக்கொண்டு, சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1747 இல் 'ஃபுளோரா செய்லானிக்கா' என்ற நூலை எழுதினார். இந்த மண்ணை அவர் கண்ணால் கண்டதில்லை. பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்த த்வைட்ஸ், 1858 முதல் 1864 வரை நாட்டுத் தாவரங்களை இலத்தீன் மொழியில் நிரல்படுத்தி வெளியிட்டார். இலை, பூ, காய் என்று வரிசையாகப் போகும் இத்தகைய நூல்களைப் படிக்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது கொஞ்சம் குறைவுதான்.

ஆனால் 1869 ஆம் ஆண்டுக்கு வரும்போது, இந்த எழுத்தின் தொனியே மாறிவிடுகிறது. ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலைகளில் ஒரு புதிய நோய் தென்பட்டது. த்வைட்ஸ் நோய் கண்ட இலைகளை இங்கிலாந்தில் இருந்த பெர்க்லிக்கு அனுப்பினார். பெர்க்லி ஒரு கிராமத்துப் பாதிரியார். கூடவே பங்கசுகளை ஆராய்வதில் பெயர் பெற்றவர். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த நாள்களில், அந்த நோய்க்குக் காரணம் ஒரு பங்கசுதான் என்று 1846 இல் வாதாடியவர் அவரே. கோப்பி இலையை நுணுக்குக்காட்டியில் பார்த்த அவர், 1869 நவம்பரில் 'கார்டனர்ஸ் குரோனிக்கிள்' என்ற இலண்டன் வார ஏட்டில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். நோயை உண்டாக்கிய பங்கசுக்கு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வந்தது. வித்தியின் ஒரு பாதி வழவழப்பாகவும் மறுபாதி சொரசொரப்பாகவும் இருப்பதால், 'பாதி வழவழப்பு' என்ற பொருளில் முதற்சொல். இரண்டாவது சொல்லுக்கு 'பாழாக்குபவள்' என்று பொருள். பெயர் வைத்தபோது மலைநாட்டுக் கோப்பி பெரிதாகப் பாழாகியிருக்கவில்லை. பாழாகப் போவதைப் பெயரே சொல்லிவிட்டது.

அதே 1869 இல் தமிழில் இன்னொரு நூல் அச்சேறியது. ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. கோப்பிப் பயிர்ச் செய்கையைக் கும்மிப் பாட்டாகச் சொல்லும் நூல் அது. மலையக இலக்கிய வரலாறு எழுதுவோர் அதை முன்னோடி நூலாக வைத்துப் பேசுவது வழக்கம். அதனோடு பெர்க்லியின் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரே ஆண்டில், ஒரே செடியைப் பற்றி, ஒருவர் வாழவைக்கும் பயிர் என்று கும்மி கட்டுகிறார். இன்னொருவர் அதன் இலையில் அழிவைக் காண்கிறார். ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் பட்டிருக்க வழியே இல்லை.

நோய் பரவியபோதும் கோப்பிப் பரப்பு குறையவில்லை. விலை நன்றாக இருந்ததால் துரைமார் மேலும் மேலும் காடழித்து நட்டார்கள். 1878 அளவில் 2,75,000 ஏக்கர் வரை கோப்பி நின்றது. விளைச்சல் விழுந்ததற்கு மழையைக் குறை சொன்னார்கள், மண்ணைக் குறை சொன்னார்கள், உரம் போதாது என்றார்கள். கந்தகத்தையும் சுண்ணாம்பையும் தூவிப் பார்த்தார்கள்.

1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அனுப்பிவைத்தார்கள். வயது இருபத்தாறு. இரண்டு ஆண்டுகள் இங்கே தங்கி அவர் எழுதிய அறிக்கைகள், அறிவியல் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காற்றில்தான் நோய் வருகிறதா என்று அறிய, கண்ணாடித் தகடுகளில் கிளிசரின் பூசித் தோட்டத்தில் வைத்தார். அதில் வித்திகள் வந்து ஒட்டின. இலைமேல் தங்கிய நீர்த்துளியில் வித்தி முளைப்பதையும், அதன் நுண்ணிய குழாய் இலைவாய் வழியே உள்ளே புகுவதையும் படிப்படியாகக் கண்டார். மழையும் மண்ணும் குற்றவாளிகள் அல்ல என்பது தெளிவாயிற்று. தடுப்பு மரம்கூட இல்லாமல் மலை மலையாக ஒரே செடியை நட்டுவைத்ததே பங்கசுக்குப் பந்தி விரித்ததுபோல் ஆயிற்று என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். மருந்து மட்டும் அவரிடம் இல்லை. அதனால் துரைமாருக்கு ஏமாற்றம். நோயைப் புரியவைத்தவரைவிட, நோயைத் தீர்ப்பேன் என்று பொய் சொல்பவருக்குத்தானே எந்தக் காலத்திலும் மரியாதை!

கோப்பி போயிற்று. ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டியது.

இங்கேதான் செடியின் கதை மனிதர் கதையாகிறது. கோப்பிப் பழம் ஆண்டில் சில மாதங்களே பறிபடும். பழம் பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர், பறிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். வழியில் மாண்டவர்கள் திரும்பவில்லை. தேயிலை அப்படிப்பட்ட செடி அல்ல. வாரத்துக்கு வாரம் கொழுந்து வரும். ஆண்டு முழுவதும் கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் பெண்ணின் கை. ஆகவே குடும்பமாக வந்தார்கள், லயத்தில் தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், இறந்தவரைத் தோட்டத்து மண்ணிலேயே புதைத்தார்கள். ஒரு பங்கசு கோப்பியைத் தின்றதன் பயனாக, வந்து போனவர்கள் நிலைகொண்ட மக்களானார்கள்.

1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இவர்கள் வந்து போகிறவர்கள், இந்நாட்டில் நிலையான பற்றில்லாதவர்கள் என்ற வாதம் எழுந்தது. கோப்பிக் காலத்து வழக்கத்தைக் காட்டித் தேயிலைக் காலத்து மக்களுக்குத் தீர்ப்பு எழுதியதாகத்தான் எனக்குப் படுகிறது. தேயிலையின் இயல்பை அறிந்த எந்தத் தாவரவியலாளரும் அந்த வாதத்தை மறுத்திருக்க முடியும். அவர்களை யாரும் கேட்கவில்லை. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடையில், 1964 ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுள் பலருக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தோட்டங்கள் தொடங்கியது. அங்கும் தேயிலைதான். இங்கே கொழுந்து பறித்த கைகள் அங்கும் கூடை சுமந்து கொழுந்தே பறித்தன.