உங்களுக்குத் தெரியுமா? புதுக் காரின் சாயக் குறைக்கும் சட்டம் உண்டு

கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ புதுக் கார் எடுப்பவர், கதவில் சாயம் வழிந்து உறைந்த தடத்தைக் காட்டினால் ‘என்ஜினுக்கு ஒன்றுமில்லையே’ என்ற சமாதானமே பெரும்பாலும் கிடைக்கும். மலேசியச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, தோற்றமும் மெருகும் ஏற்கத்தக்கனவாக இருப்பதையும் சிறு குறைகள்கூட இல்லாதிருப்பதையும் தரத்தின் அளவுகோல்களாகவே வைக்கிறது. ‘ஒரு தூசுகூடப் படியாத சாயம் எங்கே இருக்கிறது?’ என்று விற்பவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதனால்தான் விலையையும் பொருளின் தன்மையையும் கருதி, நியாயமான பயனீட்டாளர் இதை ஏற்பாரா என்று சட்டம் பார்க்கிறது. ஆனால் குறையை முன்கூட்டியே சுட்டிக்காட்டி, நீங்களும் சம்மதித்து வாங்கியிருந்தால் அந்தக் குறைக்காக முறையிட முடியாது. கையெழுத்துப் போடுமுன் காரை வெயிலில் நிறுத்தி, பக்கவாட்டில் குனிந்து பார்ப்பது இதற்காகத்தான்.

அதற்காக உடனே ‘கதவு முழுக்க மறுபடி அடித்துக் கொடு’ என்று நிற்பதும் லாபமில்லை. ஆலையில் சாயம் அடித்த காரின் வெற்றுக் கூடு சுமார் 140 டிகிரியில் சுடப்படுகிறது. பட்டறையிலோ, உள்ளே பிளாஸ்டிக்கும் வயரும் இருப்பதால், வெப்பம் 60 டிகிரி அளவில்தான்; அதனால் மறுபடி அடித்த சாயம் ஆலைச் சாயத்துக்கு அப்படியே ஈடாகாது. தூசுப் புள்ளி என்றால் தேய்த்து மெருகேற்றினாலே பெரும்பாலும் போய்விடும். விற்றவர் சரிசெய்ய மறுத்தால், 3 ஆண்டுகளுக்குள், 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம்.