மண் விடும் மூச்சு
மண்வாயு மாதிரி எடுப்பதும் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவதும்

பால் மரம் வெட்டும் தொழிலாளி தம் வாளியை ஸ்டோருக்குக் கொண்டுவந்ததும், அப்பாலில் சிறிதளவு மட்டுமே மாதிரியாக எடுக்கப்படுகிறது. அச்சிறிதளவைக் கொண்டே வாளி முழுவதிலும் உள்ள உலர்ந்த ரப்பரின் அளவு கணிக்கப்படுகிறது. பாலில் மழைநீர் கலந்திருந்தாலும், நன்றாகக் கலக்காமல் மேலாக மொண்டாலும் கணக்குத் தவறும். அதனால் கூலியும் தவறும். மாதிரி சரியாக இருக்க வேண்டும் என்பதைத் தோட்டத் தொழிலாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத மண்வாயுவுக்கும் இதே நியதிதான்.

மண்வாயு என்பது யாது?

கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணியை ஒட்டியுள்ள பாக்கார் ஆராங் என்னும் ஊர்ப்பெயரில் 'பாக்கார்' என்பது சுடுதலையும், 'ஆராங்' என்பது கரியையும் குறிக்கும் மலாய்ச் சொற்களாகும். கரி எரிந்தால் கரியமில வாயு உண்டாகிறது. நெருப்பே இன்றி, நம் காலடி மண்ணிலும் அதே வாயு இடைவிடாது உண்டாகிக்கொண்டிருக்கிறது. மரத்தின் வேர்கள் சுவாசிக்கின்றன. உதிர்ந்த இலைகளை நுண்ணுயிர்கள் மக்கச் செய்கின்றன. இவ்விரண்டின் பயனாகவே மண் துகள்களின் இடைவெளிகளில் கரியமில வாயு நிறைகிறது. வெளிக்காற்றில் இது நூற்றில் 0.04 பங்கே உள்ளது. மண்ணுக்குள் அதனினும் பல மடங்கு மிகுந்திருக்கும்.

நீர் தேங்கிய நெல்வயலில் பிராணவாயு மண்ணுக்குள் செல்ல இயலாது. அங்கு வேறுவகை நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. தழைச்சத்து உரம் இட்ட நிலத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. எடைக்கு எடை, இது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு உலகை வெப்பமாக்க வல்லது. உரத்தின் ஒரு பகுதி இவ்வாறு வாயுவாகிப் போவது, உரத்திற்குச் செலவிட்ட பணமும் காற்றோடு போவதாகும்.

ரப்பர்த் தோட்ட மண்ணுக்கு மற்றுமொரு பண்பு உண்டு. நீர் தேங்காத காட்டு மண், காற்றிலுள்ள மீத்தேனைத் தானே உட்கொள்கிறது. சுமத்திராவின் ஜாம்பி மாநிலத்தில் நடந்த ஆய்வுகள், காடு அழிந்து ரப்பரும் செம்பனையும் வந்த நிலங்களில் இவ்வாற்றல் குறைந்திருப்பதைக் காட்டின. மண்வாயு மாதிரிகளே இதனை வெளிப்படுத்தின.

மாதிரிகள் காத்த மதிப்பு

சரியான மாதிரி ஒரு நாட்டின் மதிப்பையே காக்கும் என்பதற்கு இந்தியாவின் அனுபவம் சான்றாகும். இந்திய நெல்வயல்களிலிருந்து ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் வெளிப்படுவதாக 1990ஆம் ஆண்டளவில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிட்டது. பிற நாட்டு வயல்களில் கண்ட அளவுகளை இந்திய மண்ணின் மேல் ஏற்றிப் போட்ட கணக்கு அது. அதனை ஏற்றால், உலகம் வெப்பமாவதற்கு ஏழை உழவரின் வயலே பெருங்காரணம் என்றாகிவிடும்.

விஞ்ஞானி ஏ. பி. மித்ராவின் முயற்சியால், புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் 1991இல் நாட்டின் பல பகுதிகளிலும் நேரடி அளவீட்டை நடத்தியது. வயலின் மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேர்ந்த வாயுவை எடுத்து ஆராய்ந்தார்கள். கிடைத்த விடை ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன் மட்டுமே! முந்திய மதிப்பீட்டில் இது ஒன்பதில் ஒரு பங்கு. சேற்றில் நின்று ஒழுங்காக மாதிரி எடுத்தவர்களின் உழைப்பே அப்பழியை நீக்கியது.

மாதிரி எடுக்கும் முறை

மண்ணிலிருந்து வெளிவரும் வாயுவை அளக்க மூடுபெட்டி பயன்படுகிறது. அதன் அடிவளையத்தை முந்திய நாளே மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழம் பதித்துவிட வேண்டும். அன்றே பதித்தால், கலைந்த மண்ணும் அறுந்த வேரும் மிகுதியான வாயுவை விடும், கணக்குப் பொய்யாகும். மறுநாள் பெட்டியைக் காற்றுப் புகாதவாறு மூடி, மூடியவுடனும், பின் 10, 20, 30 நிமிடங்களிலும் ஊசிக்குழலால் வாயுவை எடுக்க வேண்டும். அளவு ஏறும் வேகமே நமக்கு வேண்டிய விடை.

ஆழத்திலுள்ள வாயு வேண்டுமானால், துளையுள்ள மெல்லிய குழாயை மண்ணில் இறக்க வேண்டும். குழாய்க்குள் முன்பே இருப்பது வெளிக்காற்று. ஆகவே, குழாயின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு வாயுவை முதலில் உறிஞ்சி நீக்கிவிட்டு, அதன் பின்னரே மாதிரி எடுக்க வேண்டும்.

பெட்டியின் அருகே குனிந்து மூச்சு விடலாகாது. நாம் வெளிவிடும் மூச்சில் வெளிக்காற்றைவிட நூறு மடங்கு கரியமில வாயு உள்ளது. புகை பிடித்தலும், பெட்ரோல் டின்னை அருகில் வைத்தலும் கூடா.

எடுத்த வாயுவை, காற்று நீக்கப்பட்ட கண்ணாடிப் புட்டியில் சற்று மிகுதியாகவே செலுத்த வேண்டும். அப்போது கசிவு நேர்ந்தாலும் உள்வாயு வெளியேறுமேயன்றி வெளிக்காற்று உட்புகாது. நம் கைகள் வெட்டித் தரும் இயற்கை ரப்பர் எத்தனையோ பணிகளுக்குச் சிறந்ததாயினும், வாயுவைச் சிறிது சிறிதாக ஊடுருவ விடும் இயல்புடையது. எனவே இப்புட்டிகளுக்குப் பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் மூடியே ஏற்றது. ஊசிக்குழலிலேயே வாயுவை வைத்திருந்தால் சில மணி நேரத்தில் கசிந்துவிடும்.

சீட்டும் பயணமும்

ஒவ்வொரு புட்டியிலும் இடம், ஆழம், நாள், மணி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை நீரில் அழியாத மையால் எழுத வேண்டும். வெப்பநிலை, மழை, காற்றழுத்தம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். மழைநீர் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். காற்றழுத்தம் குறைந்தால் மண்வாயு விரைந்து வெளிவரும். 1986 மார்ச் 24இல் இங்கிலாந்தின் லாஸ்கோ கிராமத்தில், பழைய குப்பைமேட்டு வாயு மண்வழியே ஊடுருவியதால் ஒரு வீடு வெடித்துச் சிதறி மூவர் காயமுற்றனர். அன்று காற்றழுத்தம் மிக வேகமாகக் குறைந்திருந்தது.

புட்டிகளை வெயில் படாத பெட்டியில் வைத்து விரைவில் அனுப்ப வேண்டும். அளவு தெரிந்த வாயு நிரப்பிய ஒரு புட்டியும் உடன் சென்று திரும்ப வேண்டும். அதன் அளவு மாறியிருந்தால், வழியில் பிழை நேர்ந்தது என்று அறியலாம். கொடுப்பவரும் பெறுபவரும் கையொப்பமிடுதல் அவசியம்.

ஓர் எச்சரிக்கை

மண்வாயுவில் பிராணவாயு குறைவு. பாழ்கிணற்றிலும் ஆழ்குழியிலும் காற்றைவிடக் கனமான கரியமில வாயு தங்கிவிடும். அதனுள் இறங்கியவர் மயங்கி விழுவதும், காப்பாற்ற இறங்கியவரும் மாள்வதும் உண்டு. மாதிரிக்காகவோ விழுந்த பொருளுக்காகவோ, தக்க சாதனமும் பயிற்சியும் இன்றி எவரும் இறங்கலாகாது. எவரேனும் விழுந்துவிட்டால் தாமும் இறங்காமல், 999 எண்ணுக்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையினரை வரவழையுங்கள்.

ஆய்வுக்கூடத்தின் கருவி எத்தனை நுட்பமானதாயினும், அது காண்பது புட்டியை மட்டுமே, நிலத்தை அன்று. நிலத்தைக் கண்டவர் மாதிரி எடுத்தவர் ஒருவரே. ஆதலால், மாதிரி பழுதுபட்டதாக ஐயம் எழுந்தால் அதனை மறைக்காது சீட்டில் எழுதிவிடுங்கள்; இயலுமாயின் மீண்டும் எடுங்கள். பழுதான மாதிரியால் ஒரு நாள் உழைப்பே வீணாகும். மறைத்த பழுதினால் ஆய்வு முழுவதும் வீணாகும்.