மந்தியின் பாதை, குருவியின் குரல்

மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறு எங்கும் சோலைமந்தியையும் சோலைக்கிளியையும் காட்டில் காண முடியாது. இரண்டும் பெயரிலேயே சோலையைச் சுமப்பவை, இரண்டும் அருகிவருபவை. சிங்கவால் குரங்கு என்கிற சோலைமந்தி மழைக்காட்டின் உச்சிக் கிளைகளில் வாழ்கிறது. சோலைக்கிளிக்கு இடம் அதற்கும் மேலே, மலைமுகட்டுச் சோலைகளின் இருண்ட புதரடி. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது கிளியே இல்லை, நீலநிறக் குருவி. மலையாளத்தில் சின்னப் பறவை எதையும் கிளி என்பார்கள்.

காடு துண்டானால் மந்திக்கு நேர்வது கண்ணுக்குத் தெரிகிறது. கிளைக்குக் கிளை தாவி, வெடிப்பலா தேடிப் போன வழி தேயிலைத் தோட்டத்தில் முடிந்துவிடுகிறது. வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் அவை தரையிறங்கிச் சாலை கடக்கின்றன; வண்டியில் அடிபடுகின்றன. பெண் மந்தி முதல் குட்டி ஈன ஏறத்தாழ 6 வயதாகும், அடுத்த குட்டிக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு. ஒரு தாய் செத்தால் கூட்டம் எளிதில் ஈடுகட்ட முடியாது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். மந்திகள் அதில் நடக்கின்றன.

குருவிக்கு நேர்வதைக் காதால்தான் அறிய வேண்டும்.

பாடும் பறவைகள் பாட்டோடு பிறப்பதில்லை. மூத்தவற்றைக் கேட்டுக் கற்கின்றன. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது அவற்றின் குரலுறுப்பு. அதன் இரு பக்கங்களும் தனித்தனியே ஒலிக்கும். ஒரே பறவை ஒரே நேரத்தில் இரு சுரம் பாடலாம்! சோலைக்கிளியில் இரு இனம்: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலைக்கிளி, தெற்கே வெண்வயிற்றுச் சோலைக்கிளி. பல லட்சம் ஆண்டுப் பிரிவு அது, பாட்டும் வேறாகிவிட்டது. அதில் வியப்பில்லை.

எனக்கு நெஞ்சில் தைத்தது வேறொன்று. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆறு இடங்களில் 38 சோலைக்கிளிகள் பாடிய 835 பாட்டுகளை அலசியது. பழைய பள்ளத்தாக்குகள் பிரித்த கூட்டங்களோடு, அண்மையில் மனிதர் காடழித்துப் பிரித்த கூட்டங்களும் அதில் இருந்தன. பின்னவற்றின் பாட்டு பெரும்பாலும் ஒத்தே இருந்தது. ஆனால் அந்த இரட்டைக் குரலுறுப்பைக் கையாளும் விதம் மட்டும் இடத்துக்கு இடம் மாறியிருந்தது. காடு வெட்டியது அந்தக் குருவிகளின் குரலில் கேட்கத் தொடங்கியிருந்தது.