கன்று போட்ட மாடு ஏன் கத்தவில்லை?

"கன்னு போட்டு மூணு மாசமாச்சு, மாடு இன்னும் கத்தவே இல்லீங்க." இந்தப் பேச்சைக் கேட்காத பால்மாட்டுக்காரர் குறைவு. அடுத்து ஹார்மோன் ஊசி. அதுவும் பலிக்காவிட்டால் அடிமாட்டு வியாபாரி. அதற்கு முன்னால், மாட்டின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சினைக்காலம் முழுக்க புரோஜெஸ்டிரான் ஹார்மோனின் ஆட்சிதான். கருவைக் காப்பதும், அடுத்த பருவம் வராமல் தடுப்பதும் அதுவே. ஈனும் நேரத்தில் அது இறங்கிவிடும். கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 40 நாள் பிடிக்கும்.

இதற்கிடையில் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி மறுபடி வேலையைத் தொடங்குகிறது. அது அனுப்பும் எஃப்.எஸ்.எச். சினைப்பையில் முட்டையை வளர்க்கிறது, எல்.எச். அதை முதிரவைத்து வெளியேற்றுகிறது. வளரும் முட்டையைச் சுற்றிச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் மாட்டைக் கத்த வைக்கிறது, கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுக வைக்கிறது. முதல் முட்டை பெரும்பாலும் சத்தமில்லாமல் வெளியேறிவிடும். இது ஊமைப் பருவம், நோய் அல்ல.

சிக்கல் எங்கே? ஈன்ற முதல் வாரங்களில் பால் ஏறும் வேகத்துக்கு மாட்டால் தீவனம் எடுக்க முடியாது. வரவைவிடச் செலவு அதிகம். எங்கள் வங்கி பாஷையில் ஓவர்டிராஃப்ட்! உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் தருகிறது. இந்த நிலையில் இன்னொரு சினையைத் தாங்க முடியாது என்று மூளை எல்.எச். சுரப்பைக் குறைத்துவிடும். விலா எலும்பு துருத்திய மாடு பருவத்துக்கு வராததன் காரணம் இதுதான். கன்று நாள் முழுக்க ஊட்டினாலும் பருவம் தள்ளிப்போகும்.

ஆக, முதல் மருந்து தீவனத் தொட்டியில். நல்ல பசுந்தீவனம், கூடவே அகத்தி, வேலிமசால், தாது உப்பு. அடர்தீவனத்தை ஒரேயடியாகக் கூட்டாமல், படிப்படியாக ஏற்றுங்கள்.

கணக்கையும் பாருங்கள். வருடம் ஒரு கன்று வேண்டுமானால், 365-ல் சினைக்காலம் 280 போக மிச்சம் 85 நாள். 60 நாள் ஓய்வு விட்டால் கையில் இருப்பது 25 நாள். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் போச்சு. அதனால் விடியலிலும் இரவிலும் மாட்டைக் கவனியுங்கள். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் சினை ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை.

60 நாள் தாண்டியும் அறிகுறி இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பரிசோதிக்காமல் ஹார்மோன் ஊசி மட்டும் வேண்டாம். பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் புரோஸ்டாகிளாண்டின், நமக்குத் தெரியாமல் சினையாக இருக்கும் மாட்டுக்குப் போட்டால் கருவைக் கலைத்துவிடும்.