ஊர் சொல்லும் கல் – 14: பணிந்துவிட்ட மன்னன்

ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால் தென்காசிக் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளும். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அப்படி ஒரு காலையில், காசி விசுவநாதர் கோயிலில் கல்வெட்டு ஒன்றின் முன்னால் கைப்பேசியும் கையுமாக நெடுநேரம் நின்றிருந்தேன். திரையில் நூறாண்டுக்கு முந்தைய புத்தகத்தின் பக்கம்; எதிரே கல். திரையில் ஒரு சொல், கல்லில் ஒரு சொல் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூக்கூடையோடு போன அம்மா ஒருவர் நின்றார்.

“சுவத்துல என்னத்தத் தேடுதீய அண்ணாச்சி?”

“கோயிலக் கட்டுன ராசா என்ன எழுதி வச்சிருக்காருன்னு பாக்கேன்.”

“அப்ப வாசிங்க, நானும் கேக்கேன்” என்று கூடையை இறக்கி வைத்தார்.

அவருக்கு வாசித்துக் காட்டியதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்தப் பக்கம் என் கைக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். இந்தத் தொடரை வாசிக்கும் மாணவர்கள் பலர் கேட்பது அதைத்தான்: ஊரில் பெரிய நூலகம் இல்லை, சென்னைக்கும் மைசூருக்கும் போக வசதி இல்லை, எங்கிருந்து தொடங்குவது?

தொடங்குவதற்கு இன்று கைப்பேசி போதும். தென்காசிக் கல்வெட்டுகளைத் தேடி அச்சில் கொண்டுவந்தவர் து. அ. கோபிநாத ராவ். திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் துறைக் கண்காணிப்பாளராக இருந்தவர். ‘திருவாங்கூர் ஆர்க்கியாலஜிகல் சீரிஸ்’ முதல் தொகுதியில் பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளை மூலத்தோடும் விளக்கத்தோடும் பதிப்பித்தார். ஒரு காலத்தில் ஆய்வாளர்கள் மட்டுமே புரட்டிய அந்தத் தொகுதி, இன்று இன்டர்நெட் ஆர்க்கைவில் காசில்லாமல் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017 அக்டோபரில் திறந்த மின்நூலகத்திலும் கல்வெட்டு, வரலாற்று நூல்கள் ஏராளம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இலக்கியங்கள் இருக்கின்றன.

கதவு திறந்திருக்கிறது என்பதாலேயே உள்ளே வழி தெரிந்துவிடாது. முதல் தடை ஊர்ப் பெயர். குற்றாலத்தைப் பழைய ஆங்கில நூல்கள் ‘கோர்ட்டாலம்’ என்று எழுதின. கல்வெட்டு அறிஞர்கள் புள்ளியும் கோடும் போட்டு வேறு விதமாக எழுதினார்கள். பக்கங்களைப் படமெடுத்து எழுத்தாக்கிய கணினி அந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் கண்டபடி மாற்றிவைத்திருக்கும். தேடுபெட்டியில் ஒரே எழுத்துக்கூட்டலை அடித்துவிட்டு ‘இல்லை’ என்று திரும்பினால் நட்டம் நமக்கு. ‘குத்தாலம்’ என்று தேடினாலோ மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலம் வந்து நிற்கும். நான் ஒருமுறை அந்த ஊர்ச் செய்தி ஒன்றை நம் குற்றாலத்துக் கணக்கில் குறித்துவைத்து, இரண்டு மாதம் கழித்துத்தான் திருத்தினேன்.

இரண்டாவது தடை மாவட்டம். தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22-ல். அதற்கு முந்தைய நூல்களில் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் தேட வேண்டும். செங்கோட்டைக்கு அதுவும் போதாது. 1956 நவம்பர் முதல் தேதி தமிழகத்தோடு சேரும் வரை அது மலையாள நாட்டோடு இருந்தது. எல்லைக் கோடு மாறும்போது ஏடுகளும் வேறு அலுவலகத்துக்குப் போய்விடுகின்றன. நம் ஊர் வரலாற்றைத் தேடுகிறவர் திருவனந்தபுரம் வெளியீடுகளையும் புரட்டியாக வேண்டும்.

மூன்றாவது, காலக்கணக்கு. இந்தக் கோயில் பணி தொடங்கியது சக ஆண்டு 1368-ல். தமிழ் எண்ணில் எழுதினால் ௲௩௱௬௰௮. ஆயிரம், முந்நூறு, அறுபது, எட்டு என்று படிக்க வேண்டும். அதனோடு 78 கூட்டினால் 1446. பாண்டியர் கல்வெட்டுகளில் இன்னொரு முறையும் உண்டு. ‘யாண்டு நான்கின் எதிர் ஏழு’ என்று வந்தால் நான்கோடு ஏழைக் கூட்டி, ஆட்சியின் பதினோராம் ஆண்டு என்று கொள்ள வேண்டும். இது தெரியாமல் ‘நான்காம் ஆண்டு’ என்று எழுதியவர்கள் உண்டு. போதாக்குறைக்கு, பராக்கிரம பாண்டியன் என்ற பெயரில் மன்னர்கள் பலர். நம் கோயிலைக் கட்டியவன் அரிகேசரி பராக்கிரமன். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஒருவன் கல்வெட்டை இன்னொருவன் தலையில் ஏற்றினால், ஒரு நூற்றாண்டே இடம் மாறிவிடும்.

அதனால்தான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: திரையில் கிடைப்பது முடிவல்ல, கல்லுக்குப் போகும் வழி. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பதுதான் மைப்படி. கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும். அதைப் படித்து ஒருவர் எழுதினார், ஒருவர் அச்சுக் கோத்தார், இன்னொருவர் படமெடுத்தார், கணினி எழுத்தாக்கியது. இத்தனை கை மாறி வந்த பாடத்தில் எந்தக் கையிலும் ஓர் எழுத்து தவறியிருக்கலாம். கல் நம் ஊரில் இருக்கிறது. போய்ப் பார்த்து ஒப்பிட, நம்மைவிட வசதியானவர்கள் யாருமில்லை.

அகழாய்வுச் செய்திக்கும் இதே விதிதான். 2025 ஜனவரி 23-ல் தமிழகத்து இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை வெளியானது. சிவகளையில் கிடைத்த காலக்கணிப்பு பொது ஆண்டுக்கு முன் 3345 வரை செல்கிறது என்ற செய்தி அன்றே எல்லாக் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அறிக்கையைத் திறந்தார்கள்? எந்தக் குழி, எந்தத் தாழி, எந்த மாதிரி, எந்த ஆய்வுக்கூடம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதைப் படித்தவர் பெருமைப்படலாம், ஐயம் எழுப்பலாம். இரண்டுமே ஆய்வுக்கு உரம். நம் மாவட்டத்திலேயே திருமலாபுரத்தில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்து, கற்பலகைகளால் அடைப்பு அமைத்து உள்ளே தாழிகளைப் புதைத்திருந்த ஈமக்காட்டை வெளிக்கொண்டு வந்திருக்கிறது. அதையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும்.

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரருவியில் தண்ணீர் குறைந்திருக்கும் நாளில் பாறையை நிமிர்ந்து பாருங்கள்; வரிசை வரிசையாக இலிங்கங்கள் செதுக்கியிருப்பது தெரியும். தலை துவட்டியதும் சித்திர சபைக்குப் போய்ச் சுவரோவியங்களைப் பாருங்கள். ஊரில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் உண்டு. கண்டதைத் தேதியோடு குறித்து வையுங்கள். படமெடுக்க அனுமதி உள்ள இடத்தில் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். பத்தாண்டு கழித்து ஓர் ஓவியம் உதிர்ந்துபோனால், உங்கள் படம்தான் சான்று.

இனி அந்தப் பூக்கார அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது. பராக்கிரம பாண்டியன் தன் பெருமையைப் பாடிவிட்டு நிறுத்தவில்லை. இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத குறை ஏதும் வந்துவிட்டால், அப்போது முன்வந்து அதைச் சரிசெய்து காப்பவர் யாராயிருந்தாலும், அவரை உலகறியப் பணிவதாகக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். ‘பணிவேன்’ என்று எதிர்காலத்தில் சொல்லவில்லை. பணிந்து முடித்ததாகவே சொல்கிறான்.

அவன் அஞ்சிய குறை வரத்தான் செய்தது. ராஜகோபுரம் சிதைந்து, பிளந்து, தலைமுறை தலைமுறையாக அப்படியே நின்றது. ஊர் கூடி ஒன்பது நிலைக் கோபுரத்தை எழுப்பி 1990-ல் குடமுழுக்கு நடத்தியது.

அம்மா கோபுரத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். “நான் சின்னப்பிள்ளையா இருக்கையில மொட்டையா நின்னுச்சு அண்ணாச்சி. அப்ப, கட்டுன சனத்த எல்லாம் அந்த ராசா அன்னைக்கே கும்புட்டுட்டுல்லா போயிருக்காரு” என்றபடி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

நான் மறுபடி கல்லின் பக்கம் திரும்பினேன். அச்சுப் பக்கத்தில் ஓர் எழுத்து எனக்கு ஐயமாக இருந்தது. விரலால் தொடாமல், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து இன்னொரு முறை பார்த்தேன். கல் வேறாகத்தான் சொன்னது. குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். கோபுரம் கட்டுவது ஊர் கூடிச் செய்த பணி. ஓர் எழுத்தைத் திருத்துவது தனி ஆளால் முடிகிற பணி. இரண்டுக்குமே அந்தப் பணிவு முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கிறது.

(அடுத்த வாரம்: மைப்படி எடுப்பவரோடு ஒரு நாள்)